மழை பெய்தால் காடி (கார்) நொண்டும், அப்புறம் ஸ்டார்ட்டே ஆகாது: உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

செந்தூலிலிருந்து

வணக்கம். இரண்டு மாதமாக என்னை அலைக்கழித்த ஒரு கோளாறைப் பற்றி எழுதுகிறேன். பழைய காடி வைத்திருப்பவர்களுக்குப் பயன்படும். உங்களுக்கு நடந்ததையும் எழுதினால் படிக்கிறவர்களுக்குக் காசு மிச்சமாகும்.

காடி, அப்பா 1996-இல் புதிதாக எடுத்த புரோட்டான் வீரா, 1500 சிசி. அப்பா போய் ஆறு வருடமாகிறது. அதை விற்க எனக்கு மனம் வரவில்லை. தினமும் அதில்தான் கோலாலம்பூர் ஜாலான் ஈப்போ வழியாக வேலைக்குப் போகிறேன்.

தொடக்கத்தில் காலையில் மட்டும் என்ஜின் நொண்டியது. ஸ்டீயரிங்கைப் பிடித்த கையில் நடுக்கம் தெரியும். பத்து நிமிடம் ஓடிச் சூடானதும் நடுக்கம் நின்றுவிடும். அப்புறம் மேட்டில் ஏறும்போது வெட்டி வெட்டி இழுத்தது. பெட்ரோலில்தான் கோளாறோ என்று வேறு நிலையத்தில் ஊற்றிப் பார்த்தேன், மாற்றமில்லை. ஒரு நாள் மாலை அடைமழை. வேலை முடிந்து வந்து சாவியைத் திருகினால் ஸ்டார்ட்டர் நன்றாகச் சுற்றுகிறது, என்ஜின் பிடிக்கவில்லை. நடுவில் ஒரு முறை ஏர் ஃபில்டர் பக்கம் டப்பென்று வெடித்தது.

இழுவை வண்டி வைத்து ஒரு பட்டறையில் விட்டேன். மறுநாள், "பெட்ரோல் பம்ப் போய்விட்டது" என்றார்கள். கூலியோடு 280 வெள்ளி (ரிங்கிட்). மாற்றியதும் ஒரே திருகில் பிடித்தது, நானும் நம்பிவிட்டேன். அன்று நல்ல வெயில். அந்த வெயிலை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பதினொரு நாள் ஓடியது. பன்னிரண்டாம் நாள் இரவெல்லாம் மழை, காலையில் பழையபடி ஆனது. அதே பட்டறையில் இந்தத் தடவை, "என்ஜின் கம்ப்யூட்டர் போயிருக்கும், ஹாஃப் கட் கடையில் (பழைய காடிப் பாகங்கள் விற்கும் கடை) பழையது 600 வெள்ளிக்குக் கிடைக்கும்" என்றார்கள். போயிருக்கும் என்று சொன்னார்களே தவிர, எதை வைத்துச் சொல்கிறார்கள் என்று கேட்டதற்குப் பதில் இல்லை. காடியை அங்கிருந்து எடுத்துவிட்டேன்.

மாமா ஒருவர் சொல்லித்தான் செந்தூலிலேயே ஒரு பெரியவரிடம் கொண்டுபோனேன். இளம் வயதில் இங்கே ரயில்வே பட்டறையில் வேலை பழகியவர். எழுபது வயதைத் தாண்டியும் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு தகரக் கொட்டகையில் வேலை பார்க்கிறார். பானட்டைத் திறக்கும் முன்பே என்னைச் சாவியைத் திருகச் சொல்லிவிட்டுச் சும்மா நின்று கேட்டார். "சுற்றுகிற சத்தம் சீராக இருக்கு தம்பி. டைமிங் பெல்ட் அறுந்திருந்தால் பாரமே இல்லாமல் விர்ரென்று ஓடும். ஒரு சிலிண்டரில் அழுத்தம் இல்லையென்றால் சத்தம் தாளம் தப்பும். இது இரண்டும் இல்லை" என்றார். மீட்டர் வைத்துப் பார்த்தார். பேட்டரி 12.5 வோல்ட், ஸ்டார்ட்டர் சுற்றும்போது 10.4. சுற்றும்போது 9.6-க்குக் கீழே இறங்கினால்தான் பேட்டரியைச் சந்தேகப்பட வேண்டுமாம்.

அடுத்து, சிலிண்டருக்குள் பொறி எழுப்பும் நான்கு பிளக்கையும் கழற்றி, எந்த சிலிண்டரில் இருந்தது என்ற வரிசை மாறாமல் பழைய நாளிதழ் ஒன்றின்மேல் வைத்தார். நான்கும் ஈரம், மூக்கில் ஏறுகிற பெட்ரோல் வாடை. "பெட்ரோல் வரவில்லை என்றால் பிளக் காய்ந்து கிடக்கும். இது குளித்துவிட்டு வந்த மாதிரி இருக்கு. பம்பை எதற்கு மாற்றினார்கள்?" என்று கேட்டார். எனக்கு வாயடைத்துப்போனது. பிளக்கைக் கழற்றிப் பார்க்கக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை.

பெட்ரோல் பம்பின் ஃபியூஸைப் பிடுங்கி வைத்துவிட்டு, ஸ்பார்க் பார்க்கும் சின்னக் கருவியை ஒவ்வொரு பிளக் ஒயரிலும் மாட்டினார். ஒன்றில் பொறி நீலமாகப் பளிச்சென்று வந்தது. இன்னொன்றில் ஆரஞ்சு நிறத்தில் நூல் மாதிரி மெலிந்திருந்தது. மற்ற இரண்டில் விட்டுவிட்டு வந்தது. "எல்லா ஒயரிலும் ஒரே மாதிரி மோசமாக இருந்தால் காயிலைப் பார்க்கணும். ஒயருக்கு ஒயர் மாறினால் பங்கு போடுகிற இடத்தில்தான் கோளாறு" என்றார். காயில்தான் பொறிக்கான மின்சாரத்தை உண்டாக்குகிறது. அதை ஒவ்வொரு பிளக்குக்கும் முறைப்படி பங்கு போடுகிற இடம் டிஸ்ட்ரிபியூட்டர்.

அப்புறம் செய்ததை நான் மறக்க மாட்டேன். காற்றடித்து டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் வெளிப்பக்கத்தையும் ஒயர்களையும் காயவைத்து, பிளக்கைத் துடைத்து மாட்டினார். என்ஜின் பிடித்துக்கொண்டது, நொண்டலோடு. இருட்டட்டும் என்று காத்திருந்தோம். ஏழரை மணிக்குக் கொட்டகை விளக்கை அணைத்துவிட்டு, துணி தேய்க்கும்போது தண்ணீர் தெளிக்கிற பாட்டிலை எடுத்து ஒயர்கள்மேல் பனி மாதிரி தெளித்தார். இரண்டாவது ஒயரின் வளைவில் நீலமாகச் சின்னச் சின்ன மின்னல், எறும்பு ஓடுகிற மாதிரி ஓடியது. சட்டுச் சட்டென்று சத்தமும் கேட்டது. மூடியின் அடிவிளிம்பில் தெளித்த அடுத்த நொடி என்ஜின் தடுமாறி நின்றது.

மூடியைக் கழற்றி டார்ச் அடித்துக் காட்டினார். உள்ளே இரண்டு முனைகளுக்கு நடுவே பென்சிலால் கிழித்த மாதிரி மெல்லிய கறுப்புக் கோடு. நகத்தால் சுரண்டினால் போகவில்லை. ஈரம் இறங்கி, மின்சாரம் அந்த வழியாகக் குறுக்கே தாவித் தாவிப் பிளாஸ்டிக்கே கரியாகியிருந்தது. கரி மின்சாரத்தைக் கடத்தும். ஒரு தடவை பாதை விழுந்துவிட்டால் துடைத்துச் சரிசெய்ய முடியாது. இந்த என்ஜினில் பொறி வரும் வரிசை 1-3-4-2. மூடியில் பக்கத்துப் பக்கத்து முனைகளும் அதே வரிசைதான். ஆகவே முதல் சிலிண்டருக்குப் போகவேண்டிய பொறி மூன்றாவதில் தாவினால், அங்கே அப்போது காற்று வரும் வால்வு இன்னும் மூடியிருக்காது. அதனால்தான் ஏர் ஃபில்டர் பக்கம் வெடித்திருக்கிறது.

ஈரம் எப்படி இறங்கியது என்பதற்கும் பதில் கிடைத்தது. மூடிக்கு அடியில் இருக்கவேண்டிய ரப்பர் வளையம் இல்லவே இல்லை. எப்போதோ எங்கேயோ சர்வீஸ் செய்தபோது கழற்றியவர்கள் திரும்பப் போடவில்லை. மூடி, அதற்குள் சுற்றும் ரோட்டர், ஒயர், பிளக், வளையம் எல்லாம் சேர்த்து 190 வெள்ளி. கூலி 40 கேட்டார், நான் 100 கொடுத்தேன்.

பம்ப் மாற்றியதும் காடி ஓடியது என்பது பம்ப்தான் கோளாறு என்பதற்குச் சாட்சி ஆகாது. அன்று வெயில் அடித்தது, மூடி காய்ந்திருந்தது, அதனால் ஓடியது. பட்டறைக்காரர்கள் என்னை ஏமாற்ற நினைத்தார்கள் என்றுகூட நான் சொல்லவில்லை. பார்க்காமல் மாற்றினார்கள், அதுதான் என் வருத்தம்.

பட்டர்வொர்த்திலிருந்து

அண்ணே, உங்கள் பதிவைப் படித்ததும் என் பெரோடுவா மைவி காடி ஞாபகம் வந்தது. 2013 மாடல், 1.3. இதில் டிஸ்ட்ரிபியூட்டர் கிடையாது, ஒவ்வொரு பிளக்குக்கும் தலைமேல் ஒரு காயில். ஒரு நாள் பினாங்கு பாலத்தில் நடுவழியில் குலுங்க ஆரம்பித்து, என்ஜின் விளக்கு விட்டுவிட்டு எரிந்தது. அந்த விளக்கு அப்படி மினுங்கினால் மெதுவாக ஓரங்கட்டிவிட வேண்டும் என்று எனக்கு அப்போது தெரியாது. எரியாத பெட்ரோல் புகைக்குழாய்க்குள் போய், அங்கே புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைக் கெடுத்துவிடும். வீடுவரை ஓட்டி வந்தேன், பாலம் 13.5 கிலோமீட்டர்.

அணைத்துவிட்டு மறுபடி திருகினால் பிடிக்கவில்லை. பதற்றத்தில் பத்து தடவை திருகி உள்ளே பெட்ரோலை நிரப்பிவிட்டேன். தம்பிதான் ஃபோனில் சொன்னான்: "அக்கா, எண்ணெய் மிதியை (ஆக்சிலரேட்டரை) தரைவரை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஐந்து நொடி திருகு." அப்படி முழுக்க மிதித்தால் ஸ்டார்ட் ஆகும் நேரத்தில் பெட்ரோல் வருவதை நிறுத்திவிடுகிற ஏற்பாடு பெரும்பாலான இஞ்செக்டர் (பெட்ரோலைப் பீச்சும் பாகம்) உள்ள காடிகளில் இருக்கிறது. காற்று மட்டும் போய் பிளக் காயும். பிடித்துக்கொண்டது.

மறுநாள் பட்டறையில் கருவியை மாட்டிப் பார்த்ததும் P0302 என்று கோளாறுக் கோட் வந்தது. இரண்டாவது சிலிண்டர் எரியவில்லை என்று அர்த்தம். என்ன பாகம் என்று அது சொல்லாது. அந்தப் பையன் உடனே புதுக் காயில் வாங்கச் சொல்லாமல், இரண்டாவது காயிலையும் மூன்றாவது காயிலையும் இடம் மாற்றி மாட்டினான். கோட் P0303 ஆகிவிட்டது. கோளாறு காயிலோடு கூடவே போனதால் காயில்தான் என்று தெரிந்தது. கோட் அங்கேயே நின்றிருந்தால் பிளக்கையோ இஞ்செக்டரையோ பார்த்திருப்பானாம். செலவில்லாமல் இப்படி ஒரு சோதனை! நான் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

ஆயர் ஈத்தாமிலிருந்து

நான் சொல்வது வேறு மாதிரி. 2017 நவம்பரில் பினாங்கில் வந்த வெள்ளம். 4-ஆம் தேதி இரவு பிடித்த மழையில் எங்கள் வரிசையில் நிறுத்தியிருந்த காடிகள் எல்லாம் பானட் மட்டம்வரை முழுகிவிட்டன. தண்ணீர் வடிந்ததும் பக்கத்து வீட்டுக்காரர் ஆசையாகச் சாவியைத் திருகினார். டங் என்று ஒரே சத்தம், அவ்வளவுதான். காற்றை அழுத்தலாம், தண்ணீரை அழுத்த முடியாது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்து பிஸ்டன் மேலே வந்தால் வளைவது, அதைத் தள்ளும் கனெக்டிங் ராடுதான். அவர் கண்ணீர் விட்டதை நான் பார்த்தேன், அதனால் இதைக் கெஞ்சிக் கேட்கிறேன்: முழுகிய காடியில் சாவியைத் தொடாதீர்கள்.

நான் பேட்டரியைக் கழற்றி வைத்துவிட்டு, போர்மன் (மெக்கானிக்) வரும்வரை மூன்று நாள் காத்திருந்தேன். அவர் முதலில் என்ஜின் எண்ணெய் அளவு பார்க்கும் கம்பியை உருவிக் காட்டினார். தே தாரிக் (பால் தேநீர்) நிறத்தில் இருந்தது. எண்ணெயில் தண்ணீர் கலந்துவிட்டது. எண்ணெயை வடித்துப் புதிது ஊற்றி, நான்கு பிளக்கையும் கழற்றிய நிலையில் ஸ்டார்ட்டரைச் சுற்றியதும் ஓட்டை வழியாகத் தண்ணீர் பீறிட்டது, சுவரெல்லாம் நனைந்தது. மூன்று தடவை எண்ணெய் மாற்றினோம். அந்தக் காடி இன்றைக்கும் ஓடுகிறது.

செகாம்புட்டிலிருந்து

சின்ன அனுபவம்தான். அப்பாவின் ஹோண்டா ஈஎக்ஸ் 5 மோட்டார் சைக்கிள். ஒரு மாதம் மழையில் நின்றது, உதைத்தால் இரண்டு தடவை இருமிவிட்டுச் செத்துப்போகும். பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்பரேட்டரின் அடியில் இருக்கும் சின்ன ஸ்க்ரூவைத் தளர்த்தி, வருவதை ஒரு கண்ணாடிக் குவளையில் பிடித்தேன். மேலே பெட்ரோல், அடியில் தண்ணீர் முத்து முத்தாக உருண்டுகொண்டிருந்தது. டேங்க் மூடியின் ரப்பர் வெடித்திருந்தது. டேங்கைக் காலி செய்து, ரப்பரை மாற்றினேன், சரி.

கெப்போங்கிலிருந்து

அண்ணே, என் காடியில் ஸ்டார்ட்டரே சுற்றவில்லை, டிக் டிக் என்று சத்தம் மட்டும்தான். இதுவும் டிஸ்ட்ரிபியூட்டராக இருக்குமா?

செந்தூலிலிருந்து

தம்பி, சுற்றவே இல்லை என்றால் நான் எழுதியதை எல்லாம் ஒதுக்கி வையுங்கள். அது மின்சாரப் பக்கம். ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு சாவியைத் திருகிப் பாருங்கள். விளக்கு மங்கினால் பேட்டரி இறங்கியிருக்கும், இல்லாவிட்டால் பேட்டரி முனையில் பச்சைப் பூ (களிம்பு) பிடித்திருக்கும். முதலில் மைனஸ், அப்புறம் பிளஸ் என்று கழற்றி, வெந்நீர் ஊற்றிக் கழுவி, காயவைத்து இறுக்கமாகப் பூட்டுங்கள். மாட்டும்போது பிளஸ் முதலில். விளக்கு மங்காமல் டிக் சத்தம் மட்டும் வந்தால் ஸ்டார்ட்டரைக் கழற்றிப் பார்க்க வேண்டியிருக்கும்.

பட்டர்வொர்த் அக்கா, காயிலை இடம் மாற்றிப் பார்த்த அந்தப் பையனைப் பற்றிப் பெரியவரிடம் சொன்னேன். "அவன் பிழைத்துக்கொள்வான்" என்றார். நேற்று இரவு மழை விடவே இல்லை. காலை ஆறரைக்குக் குடையோடு போய்ச் சாவியைத் திருகினேன். பிடித்தது. ஸ்டீயரிங்கில் கை வைத்து ஒரு நிமிடம் உட்கார்ந்திருந்தேன், நடுக்கம் இல்லை.