நீர்க்கட்டி ஆபரேஷன்னு சொல்லி கருப்பையவே எடுத்துட்டாங்க, மச்சான் போட்ட கையெழுத்து செல்லுமா?

மேலூர்த்தம்பி:
எல்லாருக்கும் வணக்கம். ரெண்டு வாரமா வீட்ல யாருக்கும் தூக்கமில்ல, விவரம் தெரிஞ்சவங்க யாராவது சொல்லுங்க. எங்க அக்காவுக்கு 36 வயசு, ஒரே பொம்பளப்புள்ள, நாலாப்பு படிக்குது. இந்த ஆடி மாசம் அடிவயித்துல வலின்னு மதுரைல ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனோம், பேரு வேணாம். ஸ்கேன் பாத்துட்டு சினைப்பைல நீர்க்கட்டி இருக்கு, வயித்துல சின்ன ஓட்டை போட்டு லேப்ராஸ்கோப்பில எடுத்துரலாம், மூணாம் நாள் வீட்டுக்குப் போயிரலாம்னாங்க. அதுக்குத்தான் அக்கா கையெழுத்துப் போட்டுச்சு.

தியேட்டருக்குள்ள போயி ஒரு மணி நேரம் இருக்கும், ஒரு சிஸ்டர் வேகமா வெளிய வந்து அட்டைல கிளிப் மாட்டுன பேப்பர மச்சான்கிட்ட நீட்டி, உள்ள கொஞ்சம் சிக்கல், சீக்கிரம் போடுங்கன்னு சொன்னாங்க. எல்லாம் இங்கிலீசு. மச்சான் லோடு வண்டி ஓட்டுறவரு, என்ன ஏதுன்னு கேக்கக்கூட வாய் வரல, பக்கத்துல நின்ன செக்யூரிட்டிகிட்ட பேனா வாங்கிப் போட்டாரு. நானும் கூடத்தான் நின்னேன்.

அதுக்கப்புறம் தீட்டே வரல, ஒடம்பெல்லாம் குப்பு குப்புன்னு சூடேறி வேர்க்குது, ராத்திரில எந்திரிச்சு உக்காந்துரும். ஆஸ்பத்திரில கேட்டா சரியாப் போயிரும்னு மாத்திரை குடுத்தாங்க. கார்த்திகைல பெரியாஸ்பத்திரி ஓ.பி.ல காட்டுனப்ப அங்க இருந்த டாக்டரம்மா டிஸ்சார்ஜ் சம்மரியப் படிச்சுட்டு, ஏம்மா உங்களுக்கு கருப்பையும் ரெண்டு சினைப்பையும் எடுத்திருக்காங்களே, தெரியாதான்னு கேட்டாங்க. அக்கா அந்த இடத்துலயே பெஞ்சுல உக்காந்துருச்சு. அடுத்து ஒரு புள்ள பெத்துக்கணும்னு எவ்வளவு வேண்டுதல் வச்சிருந்துச்சுன்னு எங்களுக்குத்தான் தெரியும்.

போய்க் கேட்டா, உங்க வீட்டுக்காரருதான கையெழுத்துப் போட்டாருங்குறாங்க. மச்சான் சோறே சரியா திங்க மாட்டேங்குறாரு. மொத்த பில்லு 82 ஆயிரம், அக்கா நகைய அடகு வச்சுக் கட்டுனோம். இப்ப ஆஸ்பத்திரில இருந்து போன் பண்ணி 75 ஆயிரம் தர்றோம், பாண்டு பேப்பர்ல கையெழுத்துப் போட்டு முடிச்சுக்கலாம்ங்குறாங்க. வாங்கிரலாமா? கோர்ட்டுக்குப் போனா எவ்வளவு கெடைக்கும்?

வைகைக்கரை வக்கீல்:
தம்பி, மொதல்ல அந்த பாண்டு பேப்பர்ல யாரும் கையெழுத்துப் போடாதீங்க, அக்காவும் சரி மச்சானும் சரி. மத்ததெல்லாம் அப்புறம்.

உங்க கேசு மாதிரியே ஒரு கேசு சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போயிருக்கு. சமீரா கோலி வழக்கு, 2008 ஜனவரில தீர்ப்பு. டெல்லில நடந்தது, 44 வயசு, கல்யாணம் ஆகாதவங்க, 1995ல ரத்தப்போக்குன்னு போனாங்க. என்னன்னு பாக்குறதுக்கு மட்டும் லேப்ராஸ்கோப்பிக்கு சம்மதிச்சாங்க. மயக்கத்துல இருக்கும்போது அசிஸ்டென்ட் டாக்டர் வெளிய வந்து அவங்க அம்மாகிட்ட சம்மதம் வாங்கிட்டு, கருப்பை சினைப்பை எல்லாத்தையும் எடுத்துட்டாங்க. கோர்ட் என்ன சொல்லுச்சுன்னா, வயசு வந்து புத்தி தெளிவா இருக்குற ஆளு மயக்க மருந்துல கொஞ்ச நேரம் தூங்குறதால அவங்களுக்குப் பதிலா அம்மா சம்மதம் குடுக்க முடியாது, முழிச்சதும் அவங்களையே கேட்டிருக்கணும். உயிருக்கு ஆபத்து, உடனே செஞ்சே ஆகணும்ங்குற நிலை இருந்தா மட்டும்தான் கேக்காம செய்யலாம். திரும்ப ஒரு ஆபரேஷன் பண்ற சிரமமும் செலவும் மிச்சம்ங்குறது காரணமாகாது. அம்மாவுக்குச் சொன்னது புருஷனுக்கும் பொருந்தும்.

ஆஸ்பத்திரி தரப்புல ஒண்ணு சொல்லுவாங்க, இப்பவே சொல்லிர்றேன். மெடிக்கல் கவுன்சிலோட 2002 நடத்தை விதிகள்ல, குழந்தை பெத்துக்க முடியாம ஆக்குற ஆபரேஷனுக்கு புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேர் சம்மதமும் வேணும்னு இருக்கு. ரெண்டு பேரும்னா ரெண்டு பேரும்தான், மச்சான் மட்டும் போட்டா போதாது.

இப்ப பணம். மனசு கஷ்டமா இருந்தாலும் உண்மையச் சொல்லணும். அந்த வழக்குல அவங்க கேட்டது 25 லட்சம், கெடைச்சது 25 ஆயிரம், அதோட டாக்டருக்கு பீஸ் கிடையாதுன்னு சொன்னாங்க. ஆபரேஷனை ஒழுங்காத்தான் பண்ணிருக்காங்க, நல்ல எண்ணத்துல பண்ணிருக்காங்க, சம்மதம் வாங்காததுதான் தப்புன்னு கோர்ட் பாத்ததால அம்புட்டுதான். உங்க அக்கா விஷயத்துல சம்மதம் வாங்கலைங்குறதோட நிறுத்தக் கூடாது, அந்த ஆபரேஷனே தேவைதானாங்குற கேள்வியையும் சேத்து வைக்கணும், 36 வயசு, ரெண்டாவது குழந்தை, இனி காலம் பூரா திங்க வேண்டிய மாத்திரை எல்லாத்தையும் எழுதணும். அதனால இவ்வளவு வரும்னு ஒரு தொகைய இப்பவே சொல்ற வக்கீல நம்பாதீங்க.

உசிலம்பட்டி பாண்டி:
தம்பி தப்பா எடுத்துக்காதீங்க. உள்ள தொறந்து பாக்கும்போது கேன்சர் மாதிரி எதாவது தெரிஞ்சிருக்கலாம்ல, ரத்தம் நிக்காம போயிருக்கலாம்ல. எங்க பெரியம்மாவுக்கு அப்படித்தான் ஆச்சு, அன்னிக்கு எடுக்கலைன்னா ஆளு இருந்திருக்காது. டாக்டர் பக்கமும் கேக்காம கோர்ட்டுன்னு எறங்குனா வருஷக்கணக்கா அலையணும்.

தியேட்டர் சிஸ்டர்:
பாண்டி அண்ணே, நீங்க சொல்றது நடக்கும், நான் 19 வருஷம் தியேட்டர்ல நின்னவ, ரத்தம் நிக்காம டாக்டர் வேர்த்து ஊத்தி நின்னதையும் பாத்திருக்கேன். ஆனா அப்படி நடந்திருந்தா அது பேப்பர்ல இருக்கும். எவ்வளவு ரத்தம் போச்சு, எத்தனை பாட்டில் ஏத்துனாங்க, பி.பி எப்ப எறங்குச்சு, எல்லாம் மயக்க டாக்டர் சார்ட்ல அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவ புள்ளி வச்சுட்டே வருவாங்க. அந்த சார்ட்ட வாங்குங்க தம்பி. பி.பி கோடு நேரா போயிருந்தா எமர்ஜென்சின்னு அவங்க சொல்றது நிக்காது.

இன்னொண்ணு, எடுத்த கருப்பைய பார்மலின்ல போட்டு லேபுக்கு பயாப்ஸிக்கு அனுப்பிருப்பாங்க, அந்த ரிப்போர்ட் முக்கியம், உறுப்பு நல்லா இருந்துச்சா நோய் இருந்துச்சான்னு அதுல வந்துரும். டிஸ்சார்ஜ் சம்மரிய மட்டும் குடுத்து அனுப்பிச்சிருவாங்க, அது போதாது, முழு கேஸ் ஷீட் வேணும்னு எழுத்துல கேளுங்க. அதே 2002 விதிப்படி கேட்ட 72 மணி நேரத்துக்குள்ள குடுக்கணும், மூணு வருஷம் வச்சிருக்கவும் செய்யணும். நேர்ல குடுத்தா நகல்ல சீல் வாங்குங்க, மாட்டேன்னா ஸ்பீடு போஸ்ட்ல அனுப்பி, போய்ச் சேந்ததுக்கான ஒப்புகைய வச்சுக்கோங்க.

நானும் அந்த மாதிரி அட்டையத் தூக்கிட்டு வெளிய ஓடிருக்கேன் தம்பி. டாக்டர் சொல்லுவாரு, நாங்க ஓடுவோம், வெளிய நிக்கிறவங்க முகத்தப் பாக்கக்கூட நேரம் இருக்காது. உங்க மச்சான் மேல தப்பே இல்லன்னு நான் சொன்னேன்னு அவர்கிட்ட சொல்லுங்க.

திருமங்கலம் சரசு:
என்னோடது வேற மாதிரி கேசு, பித்தப்பை ஆபரேஷன், ஆனா நுகர்வோர் ஆணையத்துல நடந்துதான் ஜெயிச்சேன், அதனால சொல்றேன். டாக்டருங்க நுகர்வோர் சட்டத்துல வருவாங்கன்னு 1995லயே சுப்ரீம் கோர்ட் சொல்லிருச்சு, நீங்க காசு கட்டிருக்கீங்க, அதனால தாராளமா போடலாம். பிரச்சனை நடந்ததுல இருந்து ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும், உங்களுக்கு டைம் இருக்கு. கட்டுன காசு அஞ்சு லட்சத்துக்குள்ளன்னா மனுவுக்கு பீஸ் கிடையாது. 2019 சட்டம் வந்தப்புறம் நீங்க குடியிருக்குற மாவட்டத்துலயே போடலாம், உங்களுக்கு மதுரைதான். வக்கீல் வைக்க வசதி இல்லன்னா கோர்ட் வளாகத்துல சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கு, பொம்பளைங்களுக்கு வருமானம் எவ்வளவுன்னு பாக்காம இலவசமா வக்கீல் குடுப்பாங்க, 15100க்கு போன் பண்ணியும் கேக்கலாம்.

எனக்கு நாலு வருஷம் ஆச்சு. வாய்தா வாய்தான்னு பஸ் ஏறுனதுதான் அதிகம், பில்லு எல்லாத்தையும் ஒரு மஞ்சப்பைல போட்டு அரிசி டின்னுக்கு மேல வச்சிருந்தேன், இப்பவும் அங்கதான் இருக்கு. பணம் வந்துச்சு, கடன் அடைச்சோம். ஆனா என்கிட்ட கேக்காம செஞ்சது தப்புன்னு தீர்ப்புல எழுதிருந்துச்சு பாத்தீங்களா, அத வீட்டுக்காரர வாசிக்கச் சொல்லி மூணு தடவ கேட்டேன். அக்காகிட்ட என்ன வேணும்னு யாராவது கேட்டீங்களா தம்பி? நீங்க எழுதுனதுல மச்சான் இருக்காரு நீங்க இருக்கீங்க, அக்கா சொன்னது ஒண்ணுமே இல்லையே.

மேலூர்த்தம்பி:
பதில் போட்ட எல்லாருக்கும் நன்றி, லேட்டாயிருச்சு, ரெக்கார்டுக்காக அலைஞ்சுட்டு இருந்தேன். நேர்ல வாங்க மாட்டேன்னுட்டாங்க, சிஸ்டர் சொன்ன மாதிரி ஸ்பீடு போஸ்ட்ல அனுப்புனேன், ஒப்புகை வந்த மறுவாரம் கூப்பிட்டுக் குடுத்தாங்க. அக்கா போட்ட பாரத்துல லேப்ராஸ்கோப்பி, நீர்க்கட்டி அகற்றம், அம்புட்டுதான் இருக்கு. மச்சான் போட்டதுல காரணம்னு போட்ட எடத்துல ஒண்ணுமே எழுதல, காலியா கெடக்கு, கீழ அவரு கையெழுத்து கோட்ட விட்டு எறங்கி வளைஞ்சு போயிருக்கு. ரத்தம் ஏத்துனதா எங்கயும் இல்ல. பயாப்ஸி ரிப்போர்ட்ட பெரியாஸ்பத்திரில அதே டாக்டரம்மாகிட்ட காட்டுனோம், கட்டி சாதாரணக் கட்டிதான், கருப்பைல நோய் ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டாங்க. பாண்டி அண்ணே, உங்க பெரியம்மா மாதிரி இருந்திருந்தா நாங்க அந்த டாக்டர் கால்ல விழுந்து கும்பிட்டிருப்போம்.

சரசக்கா, நீங்க கேட்டத அன்னிக்கு ராத்திரியே அக்காகிட்ட கேட்டேன். ரொம்ப நேரம் பேசல. அப்புறம், 75 ஆயிரம் வேணாம், ஏன் என்னைய எழுப்பிக் கேக்கலைன்னு அந்த டாக்டர் ஒரு ஜட்ஜ் முன்னாடி சொல்லணும்னு சொல்லுச்சு.

இலவச வக்கீலம்மா குடுத்திருக்காங்க. மனு எழுதி வாசிச்சுக் காட்டுனப்ப ‘குடும்பத்தாரின் முறையான சம்மதம் பெறாமல்’னு ஒரு வரி வந்துச்சு, அக்கா அத நிறுத்தி, குடும்பத்தார் இல்லம்மா, என் சம்மதம்னு எழுதுங்கன்னுச்சு. வக்கீலம்மா அங்கயே அடிச்சுத் திருத்துனாங்க. செவ்வாக்கிழமை தாக்கல் பண்றோம், மச்சானும் லீவு போட்டுட்டு வர்றேன்னுருக்காரு.