முழு த்ராட்டிலில் தவளை மாதிரி குதிக்கும் 26 சிசி ரிக்கர்: கோளாறு கார்புரேட்டரிலா, படகிலா?

நீர்ப்பூச்சி:
எல்லாருக்கும் வணக்கம். பெட்ரோலில் ஓடும் அவுட்ரிகர் (சுருக்கமாக ரிக்கர்: ஒல்லியான நடு உடல், இரு பக்கமும் பூம் என்ற குறுக்குத் தண்டுகளில் மாட்டிய மிதவைகள்) பந்தயப் படகு ஒன்றைக் கிட் வாங்கிக் கட்டியிருக்கிறேன். ரேடியோ படகுகள் பழக்கம்தான், ரிக்கர் இதுவே முதல். 26 சிசி டூ ஸ்ட்ரோக், தண்ணீரில் குளிரும் வகை, வால்ப்ரோ கார்புரேட்டர், ட்யூன்ட் பைப், கால் அங்குல ஃப்ளெக்ஸ் கேபிள், அது சுற்றும் இரண்டு இலை ப்ராப் (ப்ரொப்பெல்லர்). ப்ளைவுட் ஒட்டித் தேய்த்து எபாக்ஸி பூசவே நாலு மாதம் போய்விட்டது.

பாதி த்ராட்டில் வரை வெண்ணெயில் கத்தி மாதிரி போகிறது. அதற்கு மேல் கொடுத்தால் நேர் ஓட்டத்தில் எஞ்சின் "வ்ரூம்… வீஈ… வ்ரூம்… வீஈ" என்று ஏறி இறங்குகிறது. கூடவே மூக்கு தவளை போலத் தத்துகிறது. பெட்ரோல் போதவில்லையோ என்று ஹை நீடிலை (முழு வேகத்துக்கான பெட்ரோல் அளவைக் கூட்டிக் குறைக்கும் திருகு) கால் சுற்று திறந்தேன், மாற்றமில்லை. அப்புறம் மூடிப் பார்த்தேன். சத்தம்தான் கூர்மையானது, குதிப்பு அப்படியே. நேற்று மூன்றாவது சுற்றில் மூக்கைத் தூக்கிப் பல்டி அடித்துத் தலைகீழாக விழுந்தது. வலது பக்க பூம் ஒன்று வளைந்துவிட்டது. கார்புரேட்டர் டயாஃப்ரம் மாற்றினால் சரியாகுமா?

வேகவெறி:
ப்ராப் சின்னதாக இருக்கும் நண்பா. ஒரு சைஸ் பெரிசு போடு, எஞ்சின் அடங்கும்.

பழைய பைப்:
தம்பி, ப்ராப்பையும் டயாஃப்ரத்தையும் இப்போது தொட வேண்டாம். நீங்கள் எழுதிய அந்த "வீஈ"யிலேயே பதில் இருக்கிறது. ரிக்கர் ஓடும்போது ப்ராப்பில் பாதிதான் தண்ணீருக்குள் இருக்கும், மேல் பாதி காற்றில் சுற்றும். படகு ஒரு தத்து தத்தினால் அந்தக் கீழ்ப் பாதியும் வெளியே வந்துவிடும். சுமை போனதும் ஆர்பிஎம் சட்டென்று ஏறும். விழுந்ததும் ப்ராப் தண்ணீரைப் பிடிக்கும், ஆர்பிஎம் இறங்கும். கரையில் நிற்பவருக்கு எஞ்சின் திணறுவது போலத்தான் கேட்கும்.

அடுத்த முறை ஒன்று கவனியுங்கள். "வீஈ" வருவது மூக்கு மேலே இருக்கும்போதா, கீழே இருக்கும்போதா? ஒவ்வொரு தத்தலுக்கும் ஒரு "வீஈ" என்று கணக்கு சரியாக வந்தால் கார்புரேட்டர் பாவம், அதை விட்டுவிடுங்கள். உண்மையிலேயே பெட்ரோல் பற்றாக்குறை என்றால் த்ராட்டிலைப் பிடித்தபடி இருக்க இருக்க எஞ்சின் சோர்ந்துகொண்டே வரும், தத்தலோடு தாளம் போடாது.

அவசரம் என்றால் ஒன்றுதான்: மூடிய நீடிலை உடனே பழைய இடத்துக்குத் திருப்புங்கள். இந்த எஞ்சினுக்கு எண்ணெய் பெட்ரோலோடு கலந்துதான் போகிறது. பெட்ரோலைக் குறைத்தால் எண்ணெயும் குறையும். முழு வேகத்தில் அப்படி நாலு சுற்று ஓடினால் பிஸ்டனில் கோடு விழும். என்ன கலவை போடுகிறீர்கள்?

நீர்ப்பூச்சி:
25:1 அண்ணா. லிட்டருக்கு 40 மில்லி எண்ணெய். நீடிலைத் திருப்பிவிட்டேன். ப்ளக் வெளுத்துப் போயிருந்தது (பெட்ரோல் குறைந்ததன் அடையாளம்), பார்த்ததும் கொஞ்சம் பயமாகிவிட்டது. பழைய வீடியோவை மெதுவாக ஓட்டிப் பார்த்தேன். நீங்கள் சொன்னது சரி, மூக்கு மேலே போகும்போதுதான் "வீஈ". இன்னொன்றும் கண்ணில் பட்டது: ஒவ்வொரு முறையும் இடது மிதவைதான் முதலில் எழும்புகிறது.

பழைய பைப்:
அதைத்தான் கேட்க இருந்தேன். இரண்டு முன் மிதவைகளின் கோணத்தையும் தனித்தனியாக அளந்தீர்களா? வரைபடத்தில் இருப்பதைச் சொல்ல வேண்டாம், உங்கள் படகில் இருப்பதைச் சொல்லுங்கள்.

டேங்கைக் காலி செய்து படகைக் கவிழ்த்து வையுங்கள். நடு உடலின் தட்டையான அடியில் டிஜிட்டல் ஆங்கிள் கேஜை வைத்துப் பூஜ்யம் அழுத்துங்கள். அப்படியே கேஜை எடுத்து ஒவ்வொரு மிதவையின் அடிப்பலகையிலும் நீளவாக்கில் வையுங்கள். ஸ்ட்ரட்டுக்கும் (பின்னால் ப்ராப் தண்டைத் தாங்கும் பாகம்) அதே மாதிரி. பொதுவாக மிதவைகள் 2 முதல் 4 டிகிரிக்குள் இருக்கும், அந்த வரம்புக்குள் உங்கள் கிட் சொல்வதுதான் சரி. ஆனால் இடமும் வலமும் ஒன்றாக இருந்தே ஆக வேண்டும். ஸ்ட்ரட்டைப் பூஜ்யத்தில் ஆரம்பிப்பது நல்லது. ப்ராப் இருக்கும் முனை மேலே தூக்கியிருந்தால் உந்துவிசை பின்பக்கத்தைக் கீழே அழுத்தும், மூக்கு லேசாகும். கோணம் அதிகமான மிதவையோடு அதுவும் சேர்ந்தால் பல்டிதான்.

மரத்தூள்:
இடையில் ஒரு வார்த்தை. கேபிளுக்கு எவ்வளவு இடைவெளி விட்டிருக்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவே இல்லை. ட்ரைவ் டாக்குக்கும் (தண்டோடு சேர்ந்து ப்ராப்பைச் சுற்றவைக்கும் துண்டு) ஸ்ட்ரட்டுக்கும் நடுவே 4, 5 மில்லிமீட்டராவது வேண்டும். சுமை ஏறியதும் கேபிள் முறுக்கேறிக் குட்டையாகும், இடைவெளி இல்லாவிட்டால் ட்ரைவ் டாக் ஸ்ட்ரட்டைக் கடித்துக்கொண்டு சுற்றும். நான் முதல் ரிக்கரில் அழகாக ஒட்டினாற்போல் வைத்து, ஸ்ட்ரட் புஷ்ஷைக் கருக்கியவன்.

நீர்ப்பூச்சி:
கேபிள் இடைவெளி: தாள் நுழையும் அளவு. "அழகாக ஒட்டினாற்போல்" என்று படித்ததும் சிரித்துவிட்டேன். இப்போது 5 மில்லிமீட்டர் விட்டிருக்கிறேன்.

இனி கோணம். வலது மிதவை 3.0. இடது 4.5. நாலு தடவை அளந்தும் அதேதான். ஸ்ட்ரட்டின் ப்ராப் முனை 1 டிகிரி மேலே.

காரணமும் தெரிந்துவிட்டது. ஒவ்வொரு மிதவைக்குள்ளும் பூம் நுழைய இரண்டு குழாய்கள், நடுவே 150 மில்லிமீட்டர் தூரம். இடது மிதவையில் பின் குழாய் 4 மில்லிமீட்டர் இடம் மாறி ஒட்டியிருக்கிறது. கிட்டில் ஒவ்வொரு குறுக்குப் பலகைக்கும் கீழே ஜிக் கால் (ஒட்டும்போது பலகையைச் சரியான உயரத்தில் நிறுத்தும் தற்காலிகக் கால்) ஒன்று விட்டிருப்பார்கள், எல்லாம் ஒட்டி முடித்த பிறகுதான் உடைக்க வேண்டும். அந்த மிதவையை ஒட்டிய ராத்திரி தேய்க்க இடைஞ்சலாக இருக்கிறதென்று நான் கால்களை முன்னாடியே உடைத்துவிட்டேன். குழாய் ஓட்டை தளர்வாகத்தான் இருந்தது, எபாக்ஸி நிரப்பிக்கொள்ளும் என்று விட்டேன். அது தளர்ந்த இடத்திலேயே அப்படியே இறுகியிருக்கிறது.

இப்போது அந்த மிதவையைப் புதிதாகக் கட்ட வேண்டுமா?

மரத்தூள்:
ஐயோ வேண்டாம். பின் குழாயை மட்டும் எடுங்கள். சால்டரிங் அயர்னைக் குழாய்க்குள் விட்டுச் சூடேற்றினால் எபாக்ஸி இளகும், இடுக்கியால் பிடித்து மெதுவாகத் திருகி இழுங்கள். புகையை முகர வேண்டாம், ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்கள். பிறகு ஓட்டையை மிதவையின் அடிப்பக்கம் நோக்கி அரத்தால் நீட்டி, பூம்களை மாட்டி, படகைக் கண்ணாடிப் பலகை மேல் கவிழ்த்து, கேஜ் 3.0 காட்டும் இடத்தில் மிதவைக்கு அடியில் சீட்டுக்கட்டுச் சீட்டு செருகி நிறுத்துங்கள். அரை மணி எபாக்ஸிதான் போட வேண்டும். ஐந்து நிமிட எபாக்ஸி நீங்கள் கேஜைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இறுகிவிடும். குழாயைச் சுற்றி மைக்ரோ பலூன் (எபாக்ஸியைக் கெட்டியாக்கும் நுண்பொடி) கலந்த கலவை தடவி மூடுங்கள், அந்த ஓட்டை வழியாக மிதவைக்குள் ஒரு சொட்டு தண்ணீர்கூடப் போகக் கூடாது. ஒரு பக்க மிதவை மட்டும் கனத்தால் மறுபடி ஆரம்பத்திலிருந்து தேட வேண்டிவரும்.

வளைந்த பூமை நிமிர்த்தாதீர்கள், மாற்றுங்கள். ஒரு தடவை வளைந்த அலுமினியம் அதே இடத்தில் மறுபடி வளையும்.

வேகவெறி:
அப்போ ப்ராப்?

பழைய பைப்:
ப்ராப் அப்படியே இருக்கட்டும். ஒரே நாளில் மிதவை, ஸ்ட்ரட், ப்ராப் மூன்றையும் மாற்றினால் எது வேலை செய்தது என்று யாருக்கும் தெரியாது. முதலில் மிதவை இரண்டும் 3.0, ஸ்ட்ரட் 0. பாதி டேங்கோடு ஓட்டுங்கள், முக்கால் த்ராட்டிலைத் தாண்ட வேண்டாம். வலது பக்க டர்ன் ஃபின் பல்டியில் வளைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். பந்தயச் சுற்று வலஞ்சுழி, திருப்பம் முழுக்க அந்த ஒரு தகட்டை நம்பித்தான் போகிறது.

நீர்ப்பூச்சி:
இரண்டு வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். முதல் முயற்சியில் குழாய் மறுபடி நழுவி 3.4ல் நின்றது, பிடுங்கித் திரும்ப ஒட்டினேன். இப்போது இடது 3.0, வலது 3.1. ஸ்ட்ரட் பூஜ்யம்.

இன்று காலை காற்றில்லை. முக்கால் த்ராட்டிலில் நாலு சுற்று, அப்புறம் நேர் ஓட்டத்தில் மட்டும் முழுசாகக் கொடுத்தேன். "வீஈ" இல்லை. ஒரே சுருதியில் கத்திக்கொண்டு போகிறது. மிதவைகளின் பின்விளிம்பு மட்டும் தண்ணீரைத் தொடுகிறது, இரண்டு பக்கமும் ஒரே அளவு கோடு. ப்ளக் இப்போது பழுப்பு. காற்றெழுந்து சின்ன அலை வந்தபோது இரண்டு முறை லேசாகத் தத்தியது, தானாகவே அடங்கிவிட்டது.

திருப்பத்தில்தான் வெளிப்பக்கம் வழுக்கிக்கொண்டு அகலமாகப் போகிறது. ஃபின்னின் அடி முனை 2 மில்லிமீட்டர் வெளியே வளைந்திருக்கிறது, இப்போதுதான் ஸ்கேல் வைத்துப் பார்த்தேன். வைஸில் பிடித்து நிமிர்த்தப் போகிறேன்.

மரத்தூள்:
நிமிர்த்தும்போது கையுறை போடுங்கள். விளிம்பைக் கூர் தீட்டியிருப்பீர்கள் அல்லவா?

நீர்ப்பூச்சி:
ஒரு நிமிடம் முன்னால் சொல்லியிருக்கலாம் அண்ணா. பஞ்சு வைத்துக் கட்டிவிட்டேன்.