புதுப்பிப்பு: ஏ.எம்.ஹெச். அளவும் ஐ.வி.எஃப். கூடுதல் கட்டணங்களும்

ஏ.எம்.ஹெச். (சினைப்பையில் மீதமுள்ள முட்டைகளின் எண்ணிக்கையை மதிப்பிட ரத்தத்தில் பார்க்கும் ஹார்மோன்) குறைந்தால் இயற்கையாகக் கருத்தரிக்கும் வாய்ப்பும் குறையும் என்ற தொனியில் முந்தைய இழையில் எழுதியிருந்தேன். அது தவறு. ஐ.வி.எஃப். (முட்டைகளை எடுத்து உடலுக்கு வெளியே கருவாக்கும் சிகிச்சை) செய்யும்போது ஹார்மோன் ஊசி போட்டால் ஏறக்குறைய எத்தனை முட்டைகள் கிடைக்கும் என்பதைத்தான் அந்த எண் காட்டும். முட்டையின் தரத்தைப் பெரிதும் தீர்மானிப்பது வயது. கருத்தடை மாத்திரை சாப்பிடும்போது பரிசோதித்தால் அளவு குறைவாக வரலாம். அதை வைத்துப் பயமுறுத்தி உடனே ஐ.வி.எஃப்.புக்குத் தள்ளினால் இன்னொரு மருத்துவரிடமும் கேளுங்கள்.

ஐ.வி.எஃப். மையங்கள் தனிக் கட்டணத்துக்குத் தரும் கூடுதல் சேவைகள் பற்றிப் பலர் கேட்டிருந்தீர்கள். கரு நன்றாக ஒட்டும் என்று சொல்லிக் கருப்பை உட்சவ்வைச் சுரண்டிவிடுவதற்குப் பணம் கட்ட வேண்டாம். 2019இல் வெளியான, 1,364 பெண்கள் பங்கேற்ற ஆய்வில், சுரண்டியவர்கள், சுரண்டாதவர்கள் இரு தரப்பிலும் குழந்தை பிறந்தது 26.1 சதவீதத்தினருக்கே. வலி மட்டும் மிச்சம்! விந்தணுவில் குறை இல்லையென்றால் இக்சி (ஒரு விந்தணுவை நேராக முட்டைக்குள் செலுத்துவது) எதற்கு என்றும் கேளுங்கள்.

‘பேக்கேஜ்’ விலையில் ஹார்மோன் ஊசிகள், மயக்க மருந்து, கரு உறைய வைத்தல், ஆண்டுச் சேமிப்புக் கட்டணம், பின்னர் உறைகருவைக் கருப்பையில் வைக்கும் செலவு அடங்குமா என்று எழுத்தில் வாங்குங்கள். பெரும்பாலும் விடுபடுவது ஊசிச் செலவுதான்.

விட்டுப்போன ஒன்று: முட்டை எடுப்பதற்குச் சுமார் 36 மணி நேரம் முன், முட்டைகளை இறுதியாக முதிர வைக்கப் போடும் ட்ரிகர் ஊசியில் நேரம் தவறினால், முட்டைகள் முதிராமலோ முன்பே வெளியேறியோ போகலாம். தவறிவிட்டால் மறைக்காமல் உடனே தெரிவியுங்கள். எடுக்கும் நேரத்தை மாற்ற முடியும்.