சல்மீன் அனுப்பிய பெட்டியா, மாற்றிய பெட்டியா?

பழையதாள்: "தெற்கு யேமன் அதிபர் சலீம் ருபாய் அலி (சல்மீன்) குண்டுப்பெட்டி அனுப்பினார், அதனால் செத்தார்" என்று மேலே ஒருவர் ஒரே வரியில் ஊதித் தள்ளிவிட்டார். புல்லரிக்கிறது. 1978 ஜூன் 24, வடக்கு யேமன் தலைநகர் சனாவில் பெட்டி வெடித்து அதிபர் அல்-கஷ்மியும் பெட்டியைக் கொண்டுபோன தூதரும் காலி. 26-ஆம் தேதி தெற்கின் தலைநகர் ஏடனில் சல்மீனுக்கு மரண தண்டனை. நடுவே இரண்டே நாள்! டிசம்பரில் நாற்காலி யாருக்கு? கட்சிக்குள் சல்மீனின் போட்டியாளர் அப்துல் ஃபத்தா இஸ்மாயிலுக்கு. பெட்டியை ஏடனிலேயே மாற்றிவிட்டார்கள்.

வடக்குவாசல்: ஜூனிலேயே அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர் பிரதமர் அலி நாசர். அப்போ மாற்றியது அவரா? சல்மீனின் தூதர் என்றுதானே உள்ளே விட்டார்கள்? 1977 அக்டோபரில், ஏடன் பயணத்துக்கு இரண்டு நாள் முன்பு, கஷ்மிக்கு முந்தைய வடக்கு அதிபர் அல்-ஹம்தியைக் கொன்றார்களே, அந்தக் கணக்கை சல்மீன் கஷ்மியிடம் தீர்த்தார். அவ்வளவுதான்.

பழையதாள்: தூதர் அவருடையவர். பெட்டி?

செம்மண்: பெட்டியை விடுங்கப்பா. சல்மீனுக்கும் இஸ்மாயிலுக்கும் சண்டை நிலத்தில் ஆரம்பித்தது. 1970 சட்டப்படி உச்சவரம்பு பாசன நிலம் 20 ஃபெதான், மானாவாரி 40. சட்டம் வந்து சேரட்டும் என்று காத்திருக்காமல், நீங்களே போய்ப் பறியுங்கள் என்று விவசாயிகளை ஏவிவிட்டவர் சல்மீன். மாவோ வழி. இஸ்மாயிலுக்கோ மாஸ்கோ மாதிரி கட்டுக்கோப்பான கட்சி வேண்டும். சல்மீன் போன நாலே மாதத்தில், அக்டோபரில், யேமன் சோஷலிஸ்ட் கட்சி பிறந்துவிட்டது.

வடக்குவாசல்: ஃபெதான் என்றால் என்னவென்று தெரியுமா?

செம்மண்: ஏறக்குறைய ஒரு ஏக்கர். 

 

பழையதாள்:  சரி, பெட்டிக்கு வாங்க. 1979 அக்டோபரில் சோவியத்துடன் 20 வருட ஒப்பந்தம் போட்ட இஸ்மாயிலை, ஆறே மாதத்தில் 'உடல்நலக் குறைவு' என்று மாஸ்கோவுக்கே அனுப்பினார்கள். 1985-இல் திரும்பினார். 1986 ஜனவரி 13, அரசியல் குழுக் கூட்டம். அப்போது அதிபராக இருந்த அலி நாசரின் பெட்டியை மெய்க்காவலர் கொண்டுவந்து அவர் நாற்காலியருகே வைக்கிறார். நாற்காலி காலி. அடுத்த நொடி சூடு. இஸ்மாயில் பக்கத்து அலி அந்தர் மேசையிலேயே செத்தார். அறையிலிருந்து தப்பிய இஸ்மாயிலின் உடல்கூடக் கிடைக்கவில்லை. பெட்டியை வைத்து ஆளை முடிப்பது அந்தக் கும்பலின் கைப்பழக்கம்.

வடக்குவாசல்: அதாவது 1986 பெட்டி 1978 பெட்டிக்குச் சாட்சி! பிரமாதம். அந்தக் கூட்டத்தில் இஸ்மாயில் சுடப்பட்ட பக்கம் ஐயா, சுட்ட பக்கம் இல்லை.

பழையதாள்: சுற்றி வளைக்காதீர்கள். 1978 பெட்டியை மாற்றியது யார்?

வடக்குவாசல்: யாரும் மாற்றவில்லை. சல்மீனுடையது.

செம்மண்: 20 ஃபெதானைப் பற்றி யாருமே பேச மாட்டீர்களா?