தாத்தாவின் போர்க்கத்தியைத் தேய்த்துப் பளபளப்பாக்கலாமா?

கேள்வி:
என் மனைவியின் தாத்தா இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கக் கடற்படையில் இருந்தவர். அவர் இடுப்பில் கட்டியிருந்த கத்தி இப்போது எங்களிடம் வந்திருக்கிறது. அலகு 7 அங்குலம் இருக்கும், கைப்பிடி தோல் வளையங்களை அடுக்கிச் செய்தது. அலகின் ஒரு பக்கம் யுஎஸ்என் மார்க் 2 (அமெரிக்கக் கடற்படையின் கத்தி மாடல்) என்று மங்கலாகத் தெரிகிறது, மறுபக்கம் துரு மூடியிருக்கிறது. மச்சான் மெஷினில் கொடுத்துத் தேய்த்து, சாணை பிடித்து, கண்ணாடிப் பெட்டியில் வைக்கலாம் என்கிறார். எனக்கு மனசு வரவில்லை. என்ன செய்யலாம்?

பதில் 1:
தயவுசெய்து மெஷின் பக்கமே கொண்டுபோகாதீர்கள். அலகில் இருக்கும் மங்கிய கருஞ்சாம்பல் நிறம் அழுக்கில்லை, வெளிச்சம் பட்டு மின்னாமலும் துருப்பிடிக்காமலும் இருக்கப் போட்ட பாஸ்பேட் பூச்சு, ஒருமுறை போனால் போனதுதான். அதோடு துருவுக்குக் கீழே இருப்பது பெரும்பாலும் தயாரிப்பாளர் பெயர். கெமிலஸ், யூனியன் கட்லரி (கா-பார் என்ற முத்திரை இவர்களுடையது), ரோப்சன், பால் (PAL) என்று பல கம்பெனிகள் போர்க்காலத்தில் இதே மாதிரிக் கத்தியைச் செய்தன, எது உங்களுடையது என்று அந்த எழுத்துதான் சொல்லும். மென்மையான துணியில் லேசான மெஷின் எண்ணெய் தொட்டு, ஊறவிட்டுத் துடையுங்கள், அவசரம் வேண்டாம். சிவப்பாக உதிரும் துரு மட்டும் போனால் போதும், கறுத்த கறை இருக்கட்டும். அப்புறம் முக்கியமானது, கத்தியைத் தோல் உறைக்குள் வைக்காதீர்கள். பதனிட்ட தோல் ஈரத்தைப் பிடித்துவைக்கும், அதில் அமிலமும் உண்டு, இந்தக் கத்திகள் பல கெட்டுப்போனதே உறைக்குள் இருந்துதான். கைப்பிடிக்கு எண்ணெய் ஊற்ற வேண்டாம், தோல் இளகி வளையங்கள் ஆட ஆரம்பிக்கும். மெழுகு மெல்லிசாகப் பூசினால் சரி.

பதில் 2:
துரு விஷயத்தில் மேலே சொன்னது சரி. ஆனால் பெட்டிக்குள் பூட்டி வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. டப்பா திறக்கவும் குழி தோண்டவும் கயிறு அறுக்கவும் போரில் இருந்தவர்கள் தினமும் பயன்படுத்திய பொருள் அது. பேரப்பிள்ளைகள் கையில் எடுத்துப் பார்க்கட்டும். சாணை மட்டும் வேண்டாம், அவர் தீட்டிய தடம் அலகில் இன்னும் இருக்கும்.

பதில் 3:
கத்தியைப் போலவே கதையையும் காப்பாற்றுங்கள். எந்தக் கப்பல், எந்த ஆண்டுகள் என்று தெரிந்தவர்களிடம் இப்போதே கேட்டு எழுதி, கத்தியுடனே வையுங்கள். எழுதிவைக்காத கத்தியை அடுத்த தலைமுறை பழைய இரும்பு என்று விற்றுவிடும். பணிப்பதிவுகள் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் உள்ள ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. அங்கே 1973-இல் நடந்த தீ விபத்தில் எரிந்தவை பெரும்பாலும் தரைப்படை, விமானப்படைப் பதிவுகள்தான், கடற்படையுடையவை தப்பின. பணியிலிருந்து விலகி 62 ஆண்டுகள் கடந்துவிட்டால் யார் வேண்டுமானாலும் விண்ணப்பித்துப் பெறலாம்.

கேட்டவர்:
எல்லோருக்கும் நன்றி. மச்சானிடம் முதல் பதிலைப் படித்துக் காட்டினேன், ஒத்துக்கொண்டார். உறையைத் தனியாக எடுத்து வைத்துவிட்டோம். மாமியாருக்குக் கப்பல் பெயர் நினைவிருக்கிறது, அதை வைத்து விண்ணப்பம் அனுப்பப் போகிறோம்.