ஐயாவுக்கு நான் எழுதின கடிதங்கள்

அன்பான காரைநகர் உறவுகளுக்கு வணக்கம்.

"கூப்பன் அரிசி என்றால் என்ன?" என்று போன கிழமை லண்டனிலிருந்து ஒரு பிள்ளை கேட்டிருந்தார். அதற்குப் பதில் எழுதத்தான் இருந்தேன். எழுத எழுத அது ஐயாவில், என் தகப்பனில், போய் நின்றுவிட்டது. பொறுத்துக்கொண்டு வாசியுங்கள்.

நான் 1947இல் பிறந்தவன், ஏழு பேரில் மூன்றாவது. உலக யுத்தம் முடிந்த கையோடு இலங்கையில் பிள்ளைகள் பெருகின காலம் அது. 1946இல் ஆயிரம் பேருக்கு 20 பேர் இறந்த நாட்டில் அடுத்த வருடமே அது 14 ஆகக் குறைந்தது. நாடு முழுக்க மலேரியாவுக்கு டி.டி.டி. அடித்தது அதற்கு ஒரு பெரிய காரணம் என்பார்கள். எங்கள் வீட்டுக் கணக்கு எனக்கு இன்னும் நல்லாய்த் தெரியும். ஆச்சிக்குப் பிறந்தது எட்டு, தங்கினது மூன்று. அம்மாவுக்குப் பிறந்த ஏழும் தங்கின. ஆச்சி ஒவ்வொரு நாளும் விளக்கு வைக்கிற நேரம் எங்களை எண்ணிப் பார்ப்பா. கிளித்தட்டு மறித்துவிட்டு வியர்வையோடு ஓடி வந்து வரிசையில் நிற்போம். எண்ணி முடிந்த பிறகுதான் சாப்பாடு.

1945இல் இலவசக் கல்வி வந்ததால் ஊர்ப் பிள்ளைகள் எல்லாரும் பள்ளிக்கூடம் போனோம். அரிவரி வகுப்பில் நாலு பேர் இருக்கிற வாங்கில் ஆறு பேர் இருந்தோம். கிடுகுக் கொட்டகை, மழை வந்தால் சிலேட்டைத் தலையில் பிடித்துக்கொண்டு ஒரு மூலைக்கு ஒதுங்குவோம்.

இனிக் கூப்பன், அதாவது அரசாங்கம் மலிவு விலையில் பங்கிட்டுத் தந்த அரிசி. ஆளுக்கு ஒரு கூப்பன் புத்தகம். அதைக் கொண்டுபோனால் சங்கக்கடையில் (கூட்டுறவுக் கடையில்) கிழமைக்கு இவ்வளவு அரிசி என்று அளந்து தருவார்கள். ஒரு கொத்து 25 சதம். 1953 ஜூலையில் அரசாங்கம் அதை 70 சதமாக உயர்த்தியது. பள்ளிக்கூடத்தில் தந்த மத்தியானச் சாப்பாட்டையும் நிற்பாட்டியது. அதை எதிர்த்து ஆகஸ்ட் 12ஆம் திகதி ஹர்த்தால் நடந்தது, ஒக்டோபரில் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகினார். எனக்கு அப்போது ஆறு வயது, இதெல்லாம் பிறகு படித்து அறிந்தது. அப்போது தெரிந்தது ஒன்றுதான்: இரவுச் சோறு நின்று, ஒடியல் (காயவைத்த பனங்கிழங்கு) மாப் பிட்டு வந்தது. "அரிசிக்கு யோசிக்க வேண்டாம், காசு கூட்டி அனுப்புகிறேன்" என்று ஐயா எழுதியிருந்தார்.

ஐயா தெற்கே, சிங்களப் பகுதியான களுத்துறைப் பக்கம் சுருட்டுக்கடை வைத்திருந்தார். எங்கள் ஊரில் அப்போது எத்தனை வீட்டில் தகப்பன்மார் இருந்தார்கள்? தெற்கில் கடை, ஊரில் பெண்களும் பிள்ளைகளும். மார்கழித் திருவெம்பாவைக்குச் சிவன் கோயில் வீதி நிறைய ஆம்பிளையளைக் காணலாம். தேரும் திருவாதிரையும் முடிய அவர்கள் எங்கள் ஊரை யாழ்ப்பாணத்தோடு சேர்க்கிற பொன்னாலைத் தாம்போதி தாண்டிப் போய்விடுவார்கள். மற்ற நாட்களில் ஐயா என்றால் தபால்காரரின் சைக்கிள் மணியும், மாதம் ஒரு மணியோடரும், புகையிலை மணக்கும் ஒரு கடிதமும்தான்.

ஐயாவுக்குக் கடிதம் எழுதுகிற வேலை முதலில் அக்காவுடையது. "இவள் உள்ளதெல்லாத்தையும் எழுதிப்போடுவாள்" என்று அம்மா அதை என்னிடம் தந்தா. எனக்கு ஒன்பது வயது. ஞாயிற்றுக்கிழமை இரவு அரிக்கன் லாம்புச் சிமிலியைச் சாம்பல் போட்டுத் துடைத்து, திரியை நேராக வெட்டி, பாயில் குப்புறப் படுப்பேன். அம்மா குசினி வாசலில் இருந்து முருங்கை இலை உருவிக்கொண்டு சொல்லுவா.

"சின்னவனுக்குக் காய்ச்சல் எண்டு எழுதட்டோ அம்மா?"

"மாறினாப் பிறகு எழுதலாம்."

"கிணத்துத் துலா முறிஞ்சது?"

"அதுதான் கட்டியாச்சே, என்னத்துக்கு? மாடு நாம்பன் கண்டு போட்டதெண்டு எழுது. மழை நல்லாப் பெய்யுது எண்டு எழுது."

மழை கட்டாயம் எழுதவேண்டிய செய்தி. எங்கள் வளவுக் கிணறு சவர்த் தண்ணி, குளிக்க, உடுப்புத் தோய்க்க மட்டும். குடிக்கிற தண்ணிக்கு அக்காவையள் விடியமுன்னம் குடத்தோடு நல்ல தண்ணிக் கிணற்றடியில் வரிசையில் நிற்பார்கள். மாரி நல்லாய்ப் பெய்தால்தான் அந்தக் கிணறு பங்குனி, சித்திரை வரைக்கும் தாக்குப்பிடிக்கும். மழை என்று நான் எழுதினால் குடிதண்ணிக்குக் கஷ்டமில்லை என்று ஐயா விளங்கிக்கொள்வார்.

ஐயாவின் கடிதத்தில் பிள்ளையார் சுழிக்குக் கீழே "முருகன் துணை". அம்மாவுக்கு நாலு வரி, பிறகு ஏழு பேருக்கும் ஆளுக்கு ஒரு வரி. ஒருவரையும் விடமாட்டார். "கையெழுத்து திருந்தியிருக்கிறது" என்று எனக்கு ஒருமுறை வந்தது. அந்தக் கடிதத்தைக் கணக்குக் கொப்பிக்குள் வைத்துக்கொண்டு ஒரு மாதம் பள்ளிக்கூடம் போனேன்.

1956 சித்திரையில் கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையில் யாழ்தேவி ரயில் ஓடத் தொடங்கியது. அந்த மார்கழி ஐயா அதில்தான் வந்தார். இரவு திண்ணையில் இருக்கும்போது, "சின்னவனுக்கு ஐப்பசியில என்ன வருத்தம்?" என்று என்னைக் கேட்டார். நான் விறைத்துப்போனேன். "எல்லாரையும் பற்றி எழுதிற நீ, ரண்டு கடிதத்தில அவன்ரை பேரே எழுதேல்லை. அப்ப ஏதோ இருக்கெண்டு எனக்குத் தெரியும்" என்றார். அம்மா குசினிக்குள் இருந்தா. அவவிடம் சொல்லவேண்டாம் என்று தலையை ஆட்டினார். அன்று தொடக்கம், என்ன எழுதவில்லை என்பதையும் ஐயா வாசிப்பார் என்று தெரிந்துகொண்டே எழுதினேன்.

1958 வைகாசியில் தமிழருக்கு எதிராக நடந்த கலவரத்தில் மூன்று கிழமை கடிதம் இல்லை. தபால்காரர் எங்கள் படலையைக் கடக்கும்போது மணி அடிக்காமல் போனார். ஒரு இரவு அம்மா லாம்பை எடுத்துக்கொண்டு வந்து, "எழுது" என்றா. மாடும் இல்லை, மழையும் இல்லை. "கடை போனாப் போகட்டும், வீட்டை வரட்டாம் எண்டு எழுது." அம்மா தனக்கென்று ஒன்று கேட்டு நான் எழுதின கடிதம் அது ஒன்றுதான்.

அது போய்ச் சேரமுன்னம் ஐயா வந்துவிட்டார். கொழும்பிலிருந்து கப்பலில் காங்கேசன்துறை, அங்கிருந்து லொறியில் ஊர். உடம்பில் யாரோ ஒருவருடைய சாரம் (லுங்கி), பச்சைக் கட்டம் போட்டது. பக்கத்துப் பேக்கரி வைத்திருந்த சிங்கள மனிசர் இரண்டு இரவு மா மூட்டைகளுக்குப் பின்னால் ஐயாவை ஒளித்து வைத்து, தன் சாரத்தைக் கட்டிவிட்டுக் கூட்டிப்போய்ப் பொலிசில் சேர்த்திருக்கிறார். அம்மா அந்தச் சாரத்தைத் தோய்த்து, வேலியில் போடாமல் வீட்டுக்குள் கொடியில் காயவிட்டு, மடித்து, சாமியறைப் பெட்டிக்குள் வைத்தா. மூன்று மாதம் கழித்து ஐயா திரும்பக் கடை போடப் போனபோது, அந்தச் சாரமும் ஒரு குட்டான் பனங்கட்டியும் புழுக்கொடியலும் அந்தச் சிங்கள மனிசருக்கென்று கட்டிக் கொடுத்துவிட்டா.

கடை முழுதாய் எரிந்துபோனது. எரிந்த சாமான்களைப் பற்றி ஐயா எங்களிடம் கதைத்ததே இல்லை. ஒருமுறை மட்டும், "உன்ரை கடிதமெல்லாம் ஒண்டுவிடாமக் கம்பியில குத்தி வைச்சிருந்தனான் தம்பி" என்றார்.

ஆகவே நான் எழுதினதில் ஒரு துண்டுகூட என்னிடம் இல்லை. உங்களில் ஆரின் வீட்டிலாவது, பெட்டகத்திலோ பழைய சூட்கேசிலோ, ஊரிலிருந்து கடைக்குப் போன கடிதமோ கடையிலிருந்து ஊருக்கு வந்த கடிதமோ கிடந்தால், தயவுசெய்து எறிந்துவிடாதீர்கள். படம் எடுத்துக் குழுவுக்கு அனுப்புங்கள். எழுத்து மங்கியிருந்தாலும் பரவாயில்லை, வாசித்துத் தட்டச்சு செய்து தர நான் இருக்கிறேன்.

அன்புடன்,
ரொறன்ரோவிலிருந்து