டெம்ப் டைரக்டரிக்குத் தமிழ்ல என்ன போடலாம்? நாளைக்கு லேப், கொஞ்சம் அவசரம்

எல்லாருக்கும் வணக்கம். நாளைக்குக் காலைல ரெண்டாம் வருஷப் பசங்களுக்கு பைத்தான் லேப், கைப்பிரதி இன்னிக்கு ராத்திரி ஜெராக்ஸுக்குப் போகணும், ஒரே ஒரு சொல்லுல வேலை நிக்குது.

விஷயம் இதான். லேப்ல எல்லாமே 4 ஜிபி ராம் மெஷின், போன மாசம் டெபியன் 13 லினக்ஸ் போட்டோம். அதுல ரூட்டுக்குக் கீழ இருக்கிற டிஎம்பி, அதாவது ப்ரோகிராம் எல்லாம் வேலை நடக்கிறப்ப ஃபைலைப் போட்டு வைக்கிற டெம்ப் டைரக்டரி, டிஸ்க்ல இல்ல, ராம்லயே இருக்கு, ராம்ல பாதிதான் அதுக்கு உச்சவரம்பு, அப்படின்னா 2 ஜிபி. பசங்க பிப்ங்கிற நிறுவல் கருவி வச்சு டார்ச்ங்கிற பைத்தான் லைப்ரரியைப் போடுறாங்க, அதுவும் கூட வர்ற என்விடியா சமாச்சாரமும் முதல்ல அங்கதான் வந்து இறங்குது, எல்லாம் சேர்ந்தா 2 ஜிபியைத் தாண்டுது, பாதில இடமில்லைன்னு நின்னுடுது. ஒரு பொண்ணு அந்த மெசேஜைப் பார்த்துட்டு தன் ஹோம்ல (டிஸ்க்ல அவங்கவங்களுக்குன்னு இருக்கிற டைரக்டரி) இருந்த பழைய ப்ராஜெக்ட் எல்லாத்தையும் அழிச்சிடுச்சு. ஹோம்ல 180 ஜிபி சும்மா கிடக்குது! எங்க இடமில்லைன்னு மெசேஜும் சொல்லல, நானும் சொல்லிக்கொடுக்கல, ரெண்டு நாளா மனசே சரியில்ல.

தீர்வு ரெண்டே வரி, ஹோம்ல ஒரு டைரக்டரி உண்டாக்கி டெம்ப் ஃபைலை எங்க போடணும்னு ப்ரோகிராமுக்குச் சொல்ற டிஎம்பிடிர்ங்கிற சூழல் மாறியை எக்ஸ்போர்ட் பண்ணி அதைக் காட்டணும். "தற்காலிகக் கோப்பகம்"னு எழுதி வச்சிருக்கேன், சரியா?

– தஞ்சாவூர்

——

தம்பி, தற்காலிகம் வேண்டாமே. அது தத்காலம்ங்கிற வடசொல், ரயில்ல தட்கல் டிக்கெட் வாங்குறோமே அதே சொல்தான், அங்க "உடனே"ன்னு அர்த்தம், இங்க "கொஞ்ச நாளைக்கு"ன்னு அர்த்தம், ரெண்டு பக்கமும் இழுபடுற சொல்லை மாணவன் கையில குடுக்கலாமா. நம்மகிட்ட இதுக்குன்னே ஒரு சொல் இருக்கு, கட்டூர். புறநானூறு 295ல ஔவையார் "கடல் கிளர்ந்தன்ன கட்டூர் நாப்பண்"னு தொடங்குறார். படை போன இடத்துல புதுசா எழுப்பி, வினை முடிஞ்சதும் விட்டுட்டு வர்ற பாசறை அது. கட்டிய ஊர், கட்டுகின்ற ஊர், கட்டும் ஊர்னு வினைத்தொகையா மூணு காலமும் உள்ள அடங்கிடும். முல்லைப்பாட்டுல காட்டை வெட்டிப் பாசறை போடுற பகுதியை ஒருதரம் படிங்க, நீங்க சொல்ற டைரக்டரி அப்படியே கண்ணுக்குத் தெரியும்.

– மதுரை

——

> அது தத்காலம்ங்கிற வடசொல்

ஐயா மன்னிக்கணும். தன் + கொலை தற்கொலை, தன் + பெருமை தற்பெருமை, அதே மாதிரி தன் + காலம் தற்காலம்னு ஏன் பிரிக்கக் கூடாது? அப்புறம் கட்டூர்னு சொன்னா பசங்க காதுல காட்டூர்னுதான் விழும், இங்க கோவைலயும் ஒரு காட்டூர் இருக்கு, திருச்சிலயும் ஒண்ணு இருக்கு.

– கோவை

——

தன் + காலம்னு பிரிச்சா "தன்னுடைய காலம்"னு ஆகும், கொஞ்ச காலம்ங்கிற பொருள் எப்படி வரும்? சரி, தற்காலம் உங்களுக்கே இருக்கட்டும், கடைசில ஒட்டியிருக்கிற "இக" எந்த இலக்கணத்துல வருது, அதைச் சொல்லுங்க.

– மதுரை

——

வணக்கம் அண்ணா. எங்கட பிரச்சினை வேற. எங்கட சேர்வரில டிஎம்பியில இடம் தாராளம், ஆனா அதை நோஎக்ஸெக் எண்டு மவுண்ட் பண்ணியிருக்கினம், அதுக்குள்ள வைக்கிற ஸ்கிரிப்ட் ஒண்டும் நேரடியா ஓடாது. பிள்ளையள் ஆர் எண்ட மொழியின்ர பொதி நிறுவேக்க, கன்ஃபிகர் எண்ட ஸ்கிரிப்ட் இருக்கு ஆனா இயக்க ஏலாது எண்டு பிழை வரும். நாங்களும் டிஎம்பிடிரைத்தான் மாத்தி விடுறனாங்கள். அதால எனக்கு "தற்காலிகம்" இதில முக்கியமாத் தெரியேல்ல, அங்க ஒரு வேலை நடக்குது எண்டதுதான் முக்கியம்.

வயல்ல சூடடிக்கிற களத்தை நினைச்சுப் பாருங்கோ. கதிரைக் கொண்டுவந்து போட்டு அடிச்சு, நெல்லை மூட்டை கட்டி வீட்டை கொண்டு போனாப் பிறகு களத்தில வைக்கலும் பதரும்தான் மிச்சம், அதையும் கூட்டி அள்ளிப் போடுவம். களம் சின்னனா இருந்தா, இல்லாட்டி ஈரமா இருந்தா, வேற களத்துக்குப் போறது. "நிறுவற்களம்" எண்டு போடுங்கோவன். டைரக்டரிக்குக் கோப்பகமோ அடைவோ, அது உங்கட விருப்பம், நாங்கள் அடைவு எண்டுதான் படிப்பிக்கிறது.

– யாழ்ப்பாணம்

——

அக்கா, உவமை ரொம்பப் பொருத்தம், ஆனா டொமைனுக்கு ஆள்களம்னு பழகிடுச்சு, ரெப்பாசிட்டரிக்குக் களஞ்சியம். "களஞ்சியத்துலேருந்து எடுத்து களத்துல பிரி"ன்னு ஒரே வரில எழுதினா மொழிபெயர்ப்பு பார்க்கிற எனக்கே தலை சுத்துது. அதோட நிறுவல் மட்டுமா, எடிட்டரும் பிரவுசரும்கூட டிஎம்பியைத்தான் தேடுது. இருக்கிற மொழிபெயர்ப்புல எல்லாம் தற்காலிகம்தான் ஓடிட்டிருக்கு, அதை இப்ப மாத்தினா யாருக்கும் புரியாது.

கேட்காததையும் ஒண்ணு சொல்லிக்கிறேன், கோப்புங்கிறது "கோ"ங்கிற வினையிலிருந்து வருது, பூ கோக்கிற மாதிரி. ஃபைலுக்கும் லத்தீன்ல மூலம் நூல்தான், காகிதத்தைக் கோத்து வைக்கிற நூல். ரெண்டு மொழியும் தனித்தனியா ஒரே இடத்துக்கு வந்திருக்கு. அதனால கோப்பகத்தை விட்டுறாதீங்க.

– சென்னை

——

எல்லாருக்கும் நன்றி. லேப் முடிஞ்சுது. நேரமில்லாம "தற்காலிக அடைவு"ன்னே அடிச்சுட்டேன், அடைவு சின்னச் சொல்லா இருக்கேன்னுதான், சென்னைத் தம்பி கோவிச்சுக்க வேண்டாம்.

ஒரு பையனுக்கு மட்டும் பழைய பிழையே வந்துச்சு. அடைவோட பேரு டெம்ப், எக்ஸ்போர்ட் வரில டெம்ன்னு அடிச்சிருக்கான். அப்படி ஒரு அடைவே இல்லைன்னா பைத்தான் ஒரு வார்த்தை சொல்லாம அடுத்த இடத்துக்கு, பழைய டிஎம்பிக்கே போயிடுது, கண்டுபிடிக்க அரை மணி நேரம் ஆச்சு. கைப்பிரதில இதைத் தடிச்ச எழுத்துல சேர்த்துட்டேன்.

ப்ராஜெக்ட்டை அழிச்ச அதே பொண்ணு கேட்டுச்சு, "சார், தற்காலிகம்னா இதுவும் தானா அழிஞ்சிடுமா?" டெபியன் 13ல ரூட்டுக்குக் கீழ இருக்கிற டிஎம்பி ரீபூட் பண்ணா போயிடும், 10 நாள் தாண்டினதும் துடைச்சிடும். ஹோம்ல நாம உண்டாக்கினது நாம அழிக்கிறவரைக்கும் அப்படியேதான் கிடக்கும். சொல்லிப் புரியவச்சேன், ஆனா அந்தக் கேள்வி என் சொல்லாலதான் வந்துச்சு. யாழ்ப்பாணத்து அக்கா சொன்ன களமா இருந்திருந்தா கேட்டிருக்காதுன்னு தோணுது. அடுத்த பருவத்துக்கு மாத்தலாமா?

– தஞ்சாவூர்

——

பழகின சொல்லே இருக்கட்டும். +1

– கோவை

——

> பழகின சொல்லே இருக்கட்டும்

பெரும்பான்மை அப்படின்னா நான் குறுக்க நிக்கல, ஆனா என் கருத்து கட்டூர்தான், அதைப் பதிவு பண்ணிக்கிறேன். தம்பி, இன்னொண்ணு. வார்ங்கிற டைரக்டரிக்குள்ள இருக்கிற இன்னொரு டிஎம்பி ரீபூட்டுக்கு அப்புறமும் இருக்கும், அதுக்கு 30 நாள் கெடு. அதுக்கும் தற்காலிக அடைவுன்னுதான் போடப் போறீங்களா?

– மதுரை